காய்ச்சல் இன்று எத்தனையாவது நாள்?

ஷா ஆலமில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நானும் என் மூன்று வயது மகனும் ஐந்து இரவுகள் தங்கியிருந்தோம். முதல் ஒன்றரை நாளில் யார் யாரோ வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பதிவு கௌண்டரில் கேட்டார்கள். கட்டில் காட்டிய மிஸ்ஸி கேட்டார். இரவுப் பணியில் இருந்த பயிற்சி டாக்டர் கேட்டார். காலையில் அவருக்கு மேலே உள்ள டாக்டர் கேட்டார். அதற்கும் மேலே உள்ள நிபுணர் வந்து, கோப்பைக் கையில் விரித்து வைத்துக்கொண்டே மறுபடியும் கேட்டார்: "காய்ச்சல் இன்று எத்தனையாவது நாள்?"

செவ்வாய் இரவு மூன்று என்றேன். புதன் காலை நான்கு என்றேன். கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் நான். எண்களைக் கேட்டால் தயங்காமல் சொல்லிப் பழக்கம். இரண்டு பதிலும் தப்பு.

என் கணக்கு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியிருந்தது. அன்று காலைதான் கிள்ளானில் மாமியார் வீட்டிலிருந்து தம்பியை அழைத்து வந்தோம். மகனை வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மாதக் கடைசியில் எனக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வேலை, கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். அந்த மாதிரி வாரங்களில் வெள்ளிக்கிழமை மாலை அவனைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஞாயிறு எடுத்துக்கொள்வது வழக்கம். அன்று காரில் ஏற்றும்போதே உடம்பு அனலாக இருந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வரும் வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டே வந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கிளினிக். தொண்டை சிவந்திருக்கிறது என்றார் டாக்டர். காய்ச்சல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்.

அன்று மாலை உடம்பு துடைக்கும்போது வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. திங்கள் காலை வேறொரு கிளினிக்குப் போனோம், முதல் கிளினிக்கில் கூட்டம் என்பதால். போய்ச் சேர்வதற்குள் தடிப்பு பாதி மங்கிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மருந்தை மாற்றினார்கள். டிங்கிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது கிளினிக். அங்கிருந்த டாக்டர் தம்பியின் வெடித்துச் சிவந்த உதட்டையும் அவன் தண்ணீரைக்கூடத் துப்புவதையும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு மருந்து எழுதாமல் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாளில் மூன்று கிளினிக். அப்போது அது பொறுப்பான காரியமாகத் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு டாக்டருக்கும் நான் ஒரு முதல் நாளைத்தான் கொடுத்திருக்கிறேன். ஒருவர் தொண்டையைப் பார்த்தார். ஒருவர் மங்கிப்போன தடிப்பைப் பார்த்தார். ஒருவர் உதட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள் நான். எனக்கோ அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

சிலாங்கூரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வரும் பயம் டிங்கிதான். நாட்டிலேயே அதிகமான டிங்கி சம்பவங்கள் பதிவாகும் மாநிலம் நம்முடையது. எங்கள் அடுக்குமாடியில் கொசுப்புகை அடித்தால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. அதனாலேயே நம்மவர்கள் டிங்கியில் பாதி டாக்டர்கள். வார்டுக்கு வந்த முதல் இரவே கைத்தொலைபேசியில் ஆலோசனைகள் குவிந்தன. பப்பாளி இலைச் சாறு கொடு. நண்டு சூப் வை. பிளேட்லெட் எவ்வளவு என்று கேள். நண்டு சூப் குடித்தால் பிளேட்லெட் ஏறும் என்று எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் டிங்கி வந்த வீட்டில் நண்டு வாங்காதவர்களையும் பார்த்ததில்லை.

டிங்கியில் பிளேட்லெட் இறங்கும். தம்பிக்கு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மட்டும் எக்கச்சக்கம். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஒரு குப்பி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடிவு தெரிய இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள். மார்பு எக்ஸ்ரே சுத்தம். சிறுநீர்ச் சோதனைக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் முன்னால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் என் சட்டையில் போனான்.

இப்படித்தான் போகும் அந்த நாள்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, தாய் கட்டிலருகே சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வேலைக்குக் குறைவில்லை. எங்கள் வார்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு துணை மட்டும்தான். கணவர் பார்வையாளர் நேரத்தில் வந்து சோறும் மாற்றுத் துணியும் கொடுத்துவிட்டுப் போவார். சாய்ந்து படுக்க ஒரு நாற்காலி. மிஸ்ஸி ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளை எத்தனை மில்லி குடிக்கிறான், எத்தனை முறை பெம்பர்ஸ் நனைகிறது என்று எழுதச் சொன்னார். வரவு, செலவு. எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதை ஒழுங்காகச் செய்தேன். அந்தத் தாளில் 30 மில்லி மைலோ என்று எழுதும்போது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

ரத்தம் எடுக்கும்போது தாய்மாரை வெளியே நிற்கச் சொல்வார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் நரம்பு தேடுவார். கதவுக்கு வெளியே நின்றால் எல்லாம் கேட்கும். "அம்மா வேண்டாம், அம்மா வேண்டாம்" என்று கத்தினான். என்னைத்தான் வேண்டாம் என்கிறானா, ஊசி வேண்டாம் என்று என்னிடம் சொல்கிறானா என்று புரியவில்லை. அந்த வாரத்தில் தம்பி எரிச்சலின் உருவமாக இருந்தான். தொட்டால் அழுகை, தொடாவிட்டால் அழுகை. காய்ச்சல் என்றால் பிள்ளைகள் சோர்ந்து படுத்துவிடுவார்கள். இவன் சண்டைக்காரனாக மாறிவிட்டானே என்று வெட்கப்பட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலும் ஓர் அறிகுறி என்பது பிறகு தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் எட்டு மாதப் பெண் குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண். அவளும் காத்திருந்தாள், என்னைவிட நான்கு நாள் அதிகமாக. நான் குளிக்கப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அவள் தொழப் போனால் பாப்பாவை நான் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு வந்த சோற்றில் பாதியை, கேட்காமலே என் தட்டில் வைப்பாள். உன் பிள்ளைக்கு என்ன என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாது என்ற பதிலை எத்தனை முறைதான் சொல்வது?

அதிகாலை மூன்று மணிக்குக் கைத்தொலைபேசியில் தேடினேன். காய்ச்சல், தடிப்பு, பிள்ளை என்று தட்டினால் சாதாரண வைரஸிலிருந்து ரத்தப் புற்றுநோய் வரை வரிசையாக வரும். கண் கடைசிக்குத்தான் போகும். என் தோழி ஒருத்தி, நோய் என்னவென்று தெரிந்த நாளைவிடத் தெரியாமல் இருந்த வாரம்தான் கொடுமை என்று முன்பு சொல்லியிருந்தாள். ஆறுதல் பேச்சு என்று அப்போது நினைத்தேன். பெயர் இல்லாத நோய்க்கு அளவும் இல்லை என்பதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். விடியற்காலை பாங்கு ஒலிக்கும் வரை தூங்கவில்லை.

புதன்கிழமை காலை நிபுணர் வந்தபோது தம்பியின் கைகள் லேசாக உப்பியிருந்தன. ட்ரிப் போட்டதால் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டு கைகளையும் பார்த்தார், ட்ரிப் போடாத கையும் உப்பித்தான் இருந்தது. உள்ளங்காலைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு இடது தோளில் சட்டையை விலக்கினார். பிறந்தவுடன் நம் பிள்ளைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, நம் எல்லார் தோளிலும் இருப்பதுதான், சுற்றிலும் சிவந்து தடித்திருந்தது. கொசுக் கடி என்றுதான் நானும் விட்டிருந்தேன். நிபுணர் மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னிடம் திரும்பி, மலாயில் மெதுவாகக் கேட்டார்: கண்கள் சிவந்திருந்தனவா? இல்லை என்றேன். நான் பார்த்தவரை லேசாகத்தான் இருந்தது, அழுததால் என்று நினைத்திருந்தேன். காய்ச்சல் நான்காம் நாள்தானே? ஆமாம் என்றேன். கோப்பில் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலையில் பயிற்சி டாக்டர் மட்டும் திரும்பி வந்தார். தமிழ்ப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமைக்கு முந்தி தம்பிய யாரு பார்த்துக்கிட்டா?"

"மாமியார். கிள்ளான்ல."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா?"

அவர் முன்னாலேயே போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வெள்ளிக்கிழம ராத்திரியே சுட்டுச்சேம்மா. போன் பண்ணிச் சொன்னேனே, வேலையா இருக்கேன் அத்தைன்னு நீதான் வெச்சிட்ட. வீட்டுல காய்ச்சல் மருந்து இருந்துச்சு, ஊத்திட்டேன். சனிக்கிழம ராத்திரியும் ஊத்துனேன்."

டாக்டர் கண்ணைக் காட்டினார். "அத்தை, தம்பி கண்ணு எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருந்துச்சு. பீளை கீளை ஒண்ணும் இல்ல, சும்மா செவப்பு. கண்ணூறுதான்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். வாட்ஸ்அப்புல உன் நாத்தனாரு படம் போட்டாளே, நீ பார்க்கலையா?"

குடும்பக் குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிறந்தநாள் வாழ்த்துகள், கோயில் அறிவிப்புகள், யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள். சனிக்கிழமை, முற்பகல் 11.42. தம்பி கையில் முறுக்கோடு நிற்கிறான். இரண்டு கண்களும் ரத்தச் சிவப்பு, பீளை துளியும் இல்லை. கீழே யாரோ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே ஒரு சிவப்பு இதயக் குறி. போட்டது நான். படத்தைச் சரியாகப் பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

டாக்டர் அந்தப் படத்தைத் தன் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்படின்னா இன்னிக்கு ஆறாவது நாள், அக்கா."

அன்று இரவு பத்து மணிக்கு மேல் நிபுணர் மறுபடி வந்தார். இது கவாசாகி நோய் என்று நினைக்கிறோம் என்றார். வெளியில் நின்ற கணவருக்குப் போனில் சொன்னேன். "என்னது, மோட்டார் சைக்கிள் பேரா இருக்கு?" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1961 ஜனவரியில் தோக்கியோவில் செஞ்சிலுவை மருத்துவமனை ஒன்றில் தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தார். நாள்பட்ட காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண், வெடித்த உதடு. தெரிந்த எந்த நோயிலும் அது அடங்கவில்லை. சிறுவன் குணமாகி வீடு திரும்பினான். நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே அவர் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு அதே அறிகுறிகளோடு இன்னொரு பிள்ளை வந்தபோது முதல் பிள்ளை அவருக்கு நினைவுக்கு வந்தான். அதன் பிறகு விடாமல் குறித்துக்கொண்டே வந்து, 1967-இல் ஐம்பது பிள்ளைகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் உலகம் அதைப் படித்தது 1974-இல். 2020 ஜூன் மாதம் தமது 95-ஆவது வயதில் காலமானார். நோய்க்கு என்ன காரணம் என்பது அவர் இருந்தவரை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பெயர் ஜப்பானியப் பெயர் என்பதாலும் அங்கே அதிகம் என்பதாலும் இது நம் பிள்ளைகளுக்கு வராது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் வருகிறது. சண்டிகரில் டாக்டர் சுர்ஜித் சிங் குழுவினர் பல ஆண்டுகள் இந்தியப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே சிகிச்சை தந்து ஆராய்ந்தும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் பிடிக்கிறது, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளைச் சற்று அதிகமாக.

இதைக் கண்டுபிடிக்க ஒற்றை ரத்தச் சோதனை கிடையாது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த அந்தத் தாள், இதுதான் நோய் என்று அச்சடித்து வரும் முடிவு, இந்த நோயில் வரவே வராது. ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருக்க வேண்டும். அதோடு ஐந்து அறிகுறிகளில் நான்கு இருக்க வேண்டும்: பீளையில்லாமல் இரு கண்ணும் சிவப்பது, உதடு வெடித்து நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம்போல் சிவப்பது, உடம்பில் தடிப்பு, கைகால் வீங்கிச் சிவப்பது, கழுத்தில் நெறி கட்டுவது. பி.சி.ஜி. தழும்பு சிவப்பது அந்த ஐந்தில் சேராது. ஆனால் நம்மைப்போல் பிறந்தவுடன் அந்த ஊசி போடும் நாடுகளில் அது டாக்டர்களுக்கு நல்ல துப்பு. சிக்கல் என்னவென்றால், இந்த அறிகுறிகள் ஒரே நாளில் கூட்டமாக வருவதில்லை. ஒன்று வரும்போது ஒன்று போய்விடும். வார்டில் இருந்தவர்கள் உதட்டையும் கையையும் மட்டும்தான் பார்த்தார்கள். தடிப்பைப் பார்த்தவள் நான். கண்ணைப் பார்த்தவர் மாமியார். காய்ச்சலின் முதல் நாளைப் பார்த்தவரும் அவர்தான்.

நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றும் நிபுணர் விளக்கினார். இந்த நோய் ரத்தக் குழாய்களை அழற்சிக்கு உள்ளாக்குகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்கள் பலவீனமாகி, பலூன்போல் உப்பக்கூடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் ஏறக்குறைய நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு அப்படி ஆகிறது. பத்து நாளுக்குள் சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் நூற்றில் நான்கு பேர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. என் கணக்குப்படி இன்னும் ஆறு நாள் இருந்தது. மாமியார் கணக்குப்படி நான்கு நாள்தான்.

இன்னொன்றையும் சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கவாசாகிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ஆஸ்பிரின். டிங்கி சந்தேகம் இருக்கும்போது தொடவே கூடாத மாத்திரையும் அதுதான், ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். ஆக, பெயர் தெரியும்வரை அவர்கள் எதையும் அவசரப்பட்டுக் கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஏன் இன்னும் மருந்து ஆரம்பிக்கவில்லை என்று செவ்வாய் இரவு ஒரு மிஸ்ஸியிடம் சத்தம் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

வியாழக்கிழமை காலை இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். ஒரு குழாயின் அளவு சற்றே கூடுதல், பலூன் இல்லை, கவனித்து வர வேண்டும் என்றார்கள். "ஐ.ஜே.என். போகணுமா?" என்று கணவர் கேட்டார். நம் வீடுகளில் இதயம் என்ற சொல் வந்தால் அடுத்த சொல் அதுதான். இப்போது வேண்டாம் என்றார் நிபுணர். மாலை நான்கு மணிக்கு மருந்து தொடங்கியது. இம்யூனோகுளோபுலின் என்று பெயர், ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. எடைக்கு ஏற்ற அளவு. கிலோவுக்கு 2 கிராம். தம்பி 14 கிலோ. பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இடையிடையே மிஸ்ஸி வந்து காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருந்தார். ரத்த தானம் செய்கிறவர்களைப் பற்றி அதுவரை நான் ஒரு நிமிடமும் யோசித்ததில்லை.

வெள்ளி விடியற்காலை தம்பி விழித்து, "பசிக்குது" என்றான். வியர்த்திருந்தான். 37.1. அந்த எண்ணை அந்தத் தாளில் இரண்டு முறை எழுதினேன்.

அன்று மத்தியானம் பக்கத்துக் கட்டில் பாப்பாவை வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். நான் தம்பியை எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் உலாத்திவிட்டு வருவதற்குள் கட்டில் காலியாக இருந்தது. என் தலையணைமேல் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவளிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளாதது இன்றும் உறுத்துகிறது.

மருந்து முடிந்து ஒன்றரை நாளாகியும் காய்ச்சல் திரும்பவில்லை என்று உறுதியான பிறகே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த வாரம் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பிளேட்லெட் மளமளவென்று ஏறியது, அதுவும் இந்த நோயின் வழக்கம்தானாம். குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடர்ந்து கொடுத்தோம். ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃபுளூவோ அம்மையோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்திருந்தார்கள். பாலர் பள்ளிக்கு அதுவரை அனுப்பவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு ஸ்கேன், அளவு அப்படியே இருந்தது. எட்டாம் வாரத்தில் இன்னொன்று. குழாய் இயல்பான அளவுக்கு வந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பிரினை நிறுத்தினோம். ஓர் ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் இளம் தாய்மார் சிலர் கேட்கிறார்கள், என்ன கவனிக்க வேண்டும் என்று. கவாசாகியைத் தேடி அலையுங்கள் என்று நான் சொல்வதில்லை. பெரும்பாலான காய்ச்சல்கள் சாதாரணக் காய்ச்சல்கள்தான். காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வையுங்கள் என்கிறேன். பிள்ளை அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து. நம் பிள்ளைகள் பாட்டி, பராமரிப்பாளர், பாலர் பள்ளி என்று நாலு கைகளில் வளர்கிறார்கள். தடிப்போ சிவப்போ தெரிந்தால் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள், மறைந்துவிட்டால் அது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக் மாற வேண்டியிருந்தால் முன்பு பார்த்ததை அடுத்தவரிடம் சொல்லுங்கள், முந்தைய மருந்து பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால் இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு முன்னாலும், பிள்ளை குடிக்க மறுத்தாலோ துவண்டு போனாலோ நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் இரண்டு கிளினிக்குகளின் மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று கணவரின் நண்பர் ஒருவர் கேட்டார். கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த அன்று, அவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. மீதி என்னிடமும் கிள்ளானிலும் வாட்ஸ்அப்பிலும் அல்லவா இருந்தது. போனை வைத்தவள் நான்.

மாமியாருக்கு நான் ஒரு டிஜிட்டல் காய்ச்சல்மானி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கண்ணூறுதான் முதல் காரணம் என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, நானும் வாதாடுவதில்லை. ஆனால் சமையலறையில் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. போன மாதம் தம்பிக்குச் சளி பிடித்தபோது, வியாழக்கிழமைக் கட்டத்துக்குள் நீல மையில் 'ராத்திரி 8, 37.9, கண் நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தார். முதலில் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். பிறகுதான் கருவியை வைத்து, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கிறார்.